முதல் பக்கத்துத் தோல்

ஆம்பூரில் நான் வேலை பார்த்த அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. கீழே செருப்புக் கம்பெனிகளுக்கு நூல், பசை, கொக்கி விற்கும் கடை. வெயில் ஏறினால் பசை வாசனை படியேறி வந்து எங்கள் அறையில் உட்கார்ந்துவிடும். வாசல் பலகையில் 'டிஜிட்டல் டிசைன் ஏஜென்சி' என்று எழுதியிருந்தது. அது என்ன கடை என்று ஊரில் பலருக்குப் பிடிபடவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்க வருவார்கள், ஜெராக்ஸ் எடுக்க வருவார்கள். ஒரு பெரியவர் கம்ப்யூட்டரில் பேரனுக்கு ஜாதகம் கணிக்கச் சொல்லி, பிறந்த நேரம் எழுதிய சீட்டோடு வந்து அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போனார்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. நான் வேலூரில் இயற்பியல் பட்டம் முடித்துவிட்டு, ஆறு மாதம் கம்ப்யூட்டரில் படம் வரையவும் பக்கம் வடிவமைக்கவும் படித்திருந்தேன். அம்மா நர்ஸ். நானும் நர்ஸாக வேண்டும் என்று எனக்காக விண்ணப்பப் படிவம்கூட வாங்கி வைத்திருந்தார். "படம் போடறதுக்கு ஆம்பூர் வரைக்கும் பஸ்ல போவணுமா?" என்று முதல் மாதம் முழுக்கக் கேட்டார். இரண்டாவது மாதத்திலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டு, காலையில் எனக்கும் சேர்த்து டிபன் பாக்ஸ் கட்ட ஆரம்பித்தார்.

அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர். முதலாளி வாணியம்பாடிக்காரர், நாற்பதைத் தொடாதவர். உறவினருடைய தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டுக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தவர். இனிமேல் கடிதத்துக்கு வேலை இல்லை, எல்லாம் வெப்சைட்தான் என்று ஒரு நாள் முடிவு செய்து, வெளியே வந்து இந்தக் கடையைத் திறந்தார். வீட்டில் உருது, எங்களிடம் தமிழ், ஈமெயிலில் இங்கிலீஷ். அவருக்கு மிகவும் பிடித்த சொல் 'கிரியேட்டிவ்'. "இன்னும் கொஞ்சம் கிரியேட்டிவா பண்ணும்மா" என்பார், குழம்பில் இன்னும் கொஞ்சம் உப்புப் போடச் சொல்வதுபோல.

மூன்றாவது ஆள், நான் வரைவதை வெப்சைட்டாக மாற்றும் புரோகிராமர். என் வயதுதான். மாதனூர்ப் பக்கத்துக் கிராமம். முதல் மாதம் என்னை மேடம் என்று கூப்பிட்டான். பிறகு வா, போ என்று ஆனது. அதிகம் பேசமாட்டான். பேசினால் பாதி கேலியாக இருக்கும். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, அம்மா ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொல்லியிருந்தான். நான் வரும் பஸ் காலையில் மாதனூரில் நிற்கும்போது, எதிரில் கம்பெனி பஸ்ஸில் பெண்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் அவன் அம்மாவாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் நாள் ஒரே மாதிரி போகும். காலையில் முதல் வேலை மோடத்தைப் போட்டு ஈமெயில் பார்ப்பது. ஒரே போன் லைன் என்பதால் யாராவது போன் செய்தால் இன்டர்நெட் போய்விடும், நாங்கள் இன்டர்நெட்டில் இருந்தால் போன் கிடைக்காது. "உங்க நம்பரு எப்பவும் என்கேஜ்டு, பேஜாரா இருக்குது" என்று கஸ்டமர்கள் நேரிலேயே வந்து திட்டுவார்கள். பதினொன்றுக்கு டீ. கரண்ட் போனால் யுபிஎஸ் கத்தும், நான் அவசரமாக எல்லாவற்றையும் சேவ் செய்வேன். வெள்ளிக்கிழமை மதியம் முதலாளி தொழுகைக்குப் போய்விட்டு, திரும்பி வரும்போது எங்களுக்கு ஏதாவது பழம் வாங்கி வருவார்.

ஐடியா எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், உண்மையைச் சொல்ல அப்போது வெட்கமாக இருந்திருக்கும். அது ஒரு சிடியிலிருந்து வந்தது. வெளிநாட்டுப் புகைப்படங்கள் நிறைந்த சிடி. அதில் சுற்றும் பூமி உருண்டை இருந்தது, கை குலுக்கும் இரண்டு கோட்டுக்காரர்கள் இருந்தார்கள், வானத்தைத் தொடும் கண்ணாடிக் கட்டடம் இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் அந்த நாட்களில் எந்தக் கம்பெனியின் வெப்சைட்டைத் திறந்தாலும் பூமி உருண்டை சுற்றும். அவற்றில் பாதி உருண்டைகள் நான் சுற்றவிட்டவை.

ஒரு நாள் தோல் பதப்படுத்தும் டேனரி ஒன்றின் முதலாளி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. வெளிநாட்டில் தோல் கண்காட்சி ஒன்று வருகிறது, அதற்குள் வெப்சைட் வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான் இரண்டு நாளில் மாதிரிப் பக்கம் ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மானிட்டருக்குக் கிட்டே குனிந்தார். உருண்டை சுற்றியது.

"இது சுத்தி முடிச்சதும் இன்னா வரும்?"

"உங்க கம்பெனி பேரு வரும் சார்."

"அப்புறம்?"

"இந்தக் கண்ணாடி பில்டிங்கு. அப்புறம் கை குடுக்குற ரெண்டு பேரு."

அவர் நிமிர்ந்தார். கோபப்படவில்லை. "என்கிட்ட கண்ணாடி பில்டிங் ஏதும்மா? ஷெட்டுதான் இருக்குது. உலகத்த எல்லாம் சுத்திக் காட்டுறீங்க, நல்லாத்தான் இருக்குது. என் தோலு எங்க?"

முதலாளி நடுவில் புகுந்து, "மூணு வாரம் குடுங்க சாஹேப், வேற பண்ணிக் காட்டறோம்" என்றார். மறுநாள் டேனரியிலிருந்து ஒரு கட்டு வந்தது. ஆறு வெள்ளாட்டுத் தோல்கள், பதப்படுத்தி, சாயம் ஏற்றி, மினுமினுவென்று. கழுத்து, கால் எல்லாம் தெரியும்படி முழு வடிவத்தில் இருந்தன. ஒன்றை மேசையில் விரித்தால் மேசை நிறைந்துவிடும்.

ஸ்கேனருக்குள் அது அடங்கவில்லை. மூடியைச் சாத்த முடியாமல் மேலே டெலிபோன் டைரக்டரியை வைத்து அழுத்தி, ஒரு தோலை ஒன்பது துண்டாக ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஒட்டவைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் கண் நிறைந்தது. மயிர்க்கால்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாக வரிசை கட்டியிருந்தன. ஒரு தோலில் நீளமாக ஒரு கீறல் இருந்தது. ஆடு உயிரோடு இருந்தபோது முள் கிழித்து ஆறிய தழும்பு. பழுப்பு நிறத்துக்கு நடுவே அது வெளிறி, வளைந்து ஓடியது. எனக்கு அந்தத் தழும்புதான் பிடித்தது. ஆனால் அதை வைத்து என்ன செய்வது?

பத்து நாள் எதுவும் வரவில்லை. வரைவேன், அழிப்பேன். முதலாளி நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார், மூச்சுச் சத்தம் கேட்கும், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். அதைவிடத் திட்டியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து அமிர்திக்குச் சுற்றுலா போனார்கள். காடும் அருவியும் பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று நானும் போனேன். அருவியில் தண்ணீர் கம்மியாக இருந்தது. அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தை ஒரு குரங்கு டப்பாவோடு தூக்கிக்கொண்டு போனது. திங்கட்கிழமை பிடிவாதமாக ஒரு பக்கம் செய்தேன்: பச்சைக் காடு, அருவி, அருவிக்கு முன்னால் தோல்.

புரோகிராமர் தன் நாற்காலியிலேயே உருண்டு வந்து பார்த்தான். "தோல எதுக்குத் தண்ணில போட்ட? மறுபடியும் ஊற வெக்கப்போறியா?"

சிரிப்பு வந்தாலும், அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அழுகை முட்டியது. அம்மா சொன்னபடி அந்தப் படிவத்தை நிரப்பியிருக்கலாமோ என்று முதல் முறையாக நினைத்தேன்.

அந்த வாரம் சனிக்கிழமை மதியம் புரோகிராமரின் அம்மா வந்தார். கம்பெனியில் அன்று அரை நாள். அவன் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்களாம், மகனைக் கூட்டிக்கொண்டு துணிக்கடைக்குப் போக வந்திருந்தார். முதலாளி வாணியம்பாடிக்குப் போயிருந்தார். அவன், போன் லைன் சரியில்லை என்று புகார் கொடுக்க டெலிபோன் ஆபீசுக்குப் போயிருந்தான். நான் மட்டும்தான் இருந்தேன்.

"வாங்க ஆன்ட்டி, உக்காருங்க" என்றேன். ஆன்ட்டி என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒல்லியான உடம்பு. சேலைக்கு மேல் போட்டிருந்த கம்பெனி கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தவர், கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். பிறகு மேசைமேல் விரித்திருந்த தோலைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"எந்த டேனரி தோலு இது?"

சொன்னேன். அவர் உள்ளங்கையால் கழுத்திலிருந்து வால்வரை ஒரு முறை தடவினார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து நீளவாக்கில் இழுத்தார், குறுக்குவாக்கில் இழுத்தார்.

"நல்ல தோலு. முள்ளு கிழிச்சிருக்குது, அவ்ளோதான்."

"இந்தத் தழும்பு இருக்கறதால வேஸ்ட்டுதானே ஆன்ட்டி?"

"வேஸ்ட்டா? யாரு சொன்னாங்க? இத வெச்சு ஒரு ஜோடி லேடீஸ் ஷூ தாராளமா எடுக்கலாம், பாப்பா." பையிலிருந்து ஒரு வெள்ளிப் பேனாவை எடுத்தார். தோலின்மேல் வெள்ளி நிறத்தில் குறி போடுவதற்குக் கம்பெனிகளில் வைத்திருக்கும் பேனா. "கிறுக்கலாமா? யாரும் திட்டமாட்டாங்களே?"

"போடுங்க" என்றேன்.

அச்சு இல்லை, அளவு இல்லை. விரலை விரித்து அளந்துகொண்டு, தோலின் நடுமுதுகுக்குப் பக்கத்தில் பாதத்தின் முன்பக்கத்தை மூடும் துண்டை வரைந்தார். "இது வாம்பு. எல்லாரும் பாக்குற எடம். அதனால முதுகுப் பக்கத்துலதான் வெக்கணும், அங்கதான் தோலு சுத்தமா இருக்கும்." அதையொட்டி, ஒரு சுண்டுவிரல்கூட நுழையாத இடைவெளி விட்டு, குதிகாலைச் சுற்றி வரும் துண்டு. வயிற்றுப் பக்கத்தில் ஷூவின் நாக்கு. "இங்க இழுத்தா ஜாஸ்தி வரும். நாக்குக்குப் பரவால்ல." தழும்பு இருந்த இடத்துக்கு வந்ததும் ஒரு நொடி நின்றார். பிறகு ஒரு துண்டைச் சற்றுத் திருப்பி வைத்து வரைந்தார். தழும்பு அதன் ஓரத்தில் போய் விழுந்தது. "இது மடிச்சுத் தெக்கிற எடம். உள்ள போயிடும். எவனுக்கும் தெரியாது."

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு காலுக்கான துண்டுகள் எல்லாம் தோலின் ஒரு பாதியில் உட்கார்ந்துவிட்டன. "அடுத்த காலும் அதே மாதிரிதான்" என்று மறுபாதியைக் கையால் காட்டிவிட்டுப் பேனாவை மூடினார். மேசையில் கிடந்தது அதுவரை எனக்கு ஒரு தோல். இப்போது அதற்குள் ஒரு ஷூ தெரிந்தது. பழுப்புக்கு மேல் வெள்ளிக் கோடு, அந்தக் கோடுகளுக்கு நடுவே வளைந்து ஓடும் தழும்பு. பத்து நாளாக நான் தேடியது அதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க சூப்பர்வைசர்தானே ஆன்ட்டி? இதெல்லாம் நீங்களே பண்ணுவீங்களா?"

"சூப்பர்வைசரா? நானா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் மகன் படியேறி வந்தான். மேசையைப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க? கஸ்டமர் தோலு அது!"

"அந்தப் பொண்ணுதான் போடச் சொல்லுச்சு" என்றார் அவர், தப்புச் செய்துவிட்டவர்போல.

இருவரும் கிளம்பினார்கள். பாதிப் படி இறங்கியவன் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அம்மா கட்டிங்கில தோலு வெட்டுற வேலைதான் பாக்குறாங்க. சார்கிட்ட சூப்பர்வைசர்னு சொல்லியிருக்கேன். அவங்கதான் இதப் போட்டாங்கன்னு சொல்லாத." நான் தலையாட்டினேன்.

திங்கட்கிழமையிலிருந்து வேலை ஓடியது. வெள்ளிக் கோடு போட்ட தோலை மறுபடி ஸ்கேன் செய்தேன். அவர் வரைந்திருந்த துண்டுகளின்மேல் ஒவ்வொரு கோடாகக் கம்ப்யூட்டரில் வரைந்தேன். வெறும் கையால் காட்டிவிட்டுப் போன மறுபாதிக்கு அவற்றையே நகல் எடுத்து ஒட்டினேன். முதல் பக்கத்தைத் திறந்தால் கறுப்புப் பின்னணியில் ஒரு முழுத் தோல் மட்டும் இருக்கும். மவுசை அதன்மேல் கொண்டுபோனால் வெள்ளிக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரியும். வாம்பை அழுத்தினால் கம்பெனியின் தோல் வகைகள், நாக்கை அழுத்தினால் நிறங்கள், குதிகாலை அழுத்தினால் முகவரி. படம் கனமாக இருந்ததால் அந்தக் காலத்து இன்டர்நெட்டில் திறக்கவே ஐந்து நிமிடம் பிடித்தது. புரோகிராமர் அதைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும்படி எழுதினான். அவன் அம்மாவின் கோடுகளை நான்கு நாள் கண் முன்னால் வைத்துக்கொண்டு வேலை பார்த்தான்.

சொன்ன தேதிக்கு டேனரி முதலாளி வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். தோல் சதுரம் சதுரமாக வந்து நிறைந்தது. மவுசை அவர் கையிலேயே கொடுத்தேன். மெதுவாக நகர்த்தினார். வெள்ளிக் கோடு எழும்பியதும் அவர் வாயிலிருந்து "வாஹ்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் காயத்த மட்டும் எடுத்துடுங்க. வாங்க வர்ற பையர் பாத்தா குறைன்னு சொல்வான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பேட்டி" என்று, மகளே என்பதை உருதுவில் சொல்லிக் கூப்பிட்டார். "ஒண்ணு கேக்கறேன். தோலோட இழுப்பு பாத்து வெச்சிருக்குது இது. சும்மா படம் போடறவங்களுக்கு இது தெரியாதே. யாரு அடுக்கினது?"

நான் புரோகிராமரைப் பார்த்தேன். அவன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளியின் முகம் பெருமையில் மலர்ந்திருந்தது.

"நானேதான் சார். பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன்."

டேனரி முதலாளி என் தலையில் கை வைத்து உருதுவில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தை என்று தெரிந்தது. அன்று மதியம் முதலாளி எங்களுக்குப் பிரியாணி வரவழைத்தார். "இதத்தாம்மா நான் ரெண்டு வருஷமா சொல்றேன், கிரியேட்டிவ்னா இது" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். கத்தரிக்காய்த் தொக்கை எனக்கு இரண்டு முறை அள்ளி வைத்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அவன் கேட்டுக்கொண்டபடிதானே செய்தேன் என்று மனதுக்குள் ஒரு சமாதானமும் தயாராக இருந்தது.

அதன் பிறகு இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. கேலியும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நானே கேட்டேன். "நீதானே சொல்லாதன்னு சொன்ன?"

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றான். பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆனா நீ ஒரு செகண்டாவது யோசிப்பன்னு நெனச்சேன். டக்குன்னு சொல்லிட்ட."

அவன் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான். என் பஸ் வந்தும் நான் ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, அவன் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். நான் யோசிக்கவே இல்லை என்பது உண்மை. அவனுக்காகப் பொய் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் கேட்டது மறைக்கச் சொல்லித்தான். எடுத்துக்கொள்ளச் சொல்லி அவன் கேட்கவில்லை. 'தெரிஞ்சவங்க ஒருத்தர் உதவினாங்க சார்' என்று சொல்லியிருந்தால் அவன் ரகசியமும் காப்பாற்றப்பட்டிருக்கும், பொய்யும் இருந்திருக்காது. அது எனக்கு அந்த நேரத்தில் தோன்றாமல் போனதற்கு ஒரே காரணம்தான். பாராட்டு முழுசாக எனக்கே வேண்டியிருந்தது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவர் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தொப்பியைக் குத்திக்கொண்டே கேட்டுவிட்டு, "வார்டுல ஒருத்தி பாத்த வேலைய இன்னொருத்தி பேர்ல எழுதினா எவ்ளோ பெரிய சண்டை வரும் தெரியுமா?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை முதலில் அவனிடம் போனேன். "நான் சார்கிட்ட உண்மைய சொல்லப்போறேன். உன்னக் கேக்காம சொல்லமாட்டேன்." அவன் ரொம்ப நேரம் மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "நானே சொல்றேன்" என்றான். இரண்டு பேருமாகத்தான் போனோம். அவன் அம்மாவின் வேலையைச் சொன்னான், நான் வெள்ளிப் பேனாவைப் பற்றிச் சொன்னேன்.

முதலாளி எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ஏம்பா, நீ வேலைக்குச் சேரும்போதே எனக்குத் தெரியும். இந்த ஊர்ல யாரு எந்தக் கம்பெனியில இன்னா வேலைன்னு தெரியாமயா நான் கடை வெச்சிருக்கேன்? நீயா சூப்பர்வைசர்னு சொன்ன. சரி, பையனுக்கு அது ஒரு கௌரவம்னு விட்டுட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை. "நீ பண்ணதுதாம்மா தப்பு. சாஹேப்கிட்ட நீயே போன் பண்ணிச் சொல்லு."

போன் செய்தேன். இரண்டு முறை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. "அப்பவே நெனச்சேன்" என்றார் டேனரி முதலாளி. "அந்த அம்மாவ ஒரு சனிக்கிழமை வரச் சொல்லுங்க. நானும் வர்றேன்."

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். அவன் அம்மாவிடம் இந்த முறை கோட்டு இல்லை. நல்ல சேலை கட்டி, தலை நிறைய பூ வைத்திருந்தார். என்மேல் அவருக்குக் கோபம் எதுவும் தெரியவில்லை. மகன் அவரிடம் எவ்வளவு சொன்னானோ, தெரியாது. நான் எழுந்து என் நாற்காலியில் அவரை உட்காரவைத்தேன். முதல் முறையாக அவர் தன் கோடுகளைக் கம்ப்யூட்டரில் பார்த்தார். மவுசைத் தொடப் பயந்தார், மகன்தான் நகர்த்தினான். தோலின்மேல் வெள்ளிக் கோடுகள் எழும்பின. நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் நெற்றியைச் சுருக்கினார். திரையில் விரலை வைத்தார்.

"இது இன்னாது, ரெண்டும் லெப்ட்டு காலு?"

யாருக்கும் புரியவில்லை.

"நான் போட்டது லெப்ட்டு. இந்தப் பக்கமும் அதே மாதிரி வளையுது பாருங்க. அதுவும் லெப்ட்டுதான். இத வெட்டித் தெச்சா ரெண்டு லெப்ட்டு ஷூதான் வரும். யாரு போடறது?"

ஒரு பாதியை நகல் எடுத்து ஒட்டியபோது நான் அதைப் புரட்டிப் போடவில்லை. நானும் பார்க்கவில்லை, முதலாளியும் பார்க்கவில்லை. முப்பது வருடம் தோலில் புழங்கிய டேனரி முதலாளியும் பார்க்கவில்லை. அவர்தான் முதலில் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தோலு பத்திதாம்மா எனக்குத் தெரியும். காலு பத்தித் தெரியாது" என்றார். பிறகு அந்த அம்மாவிடம் கேட்டார். "இந்தக் காயத்த எடுக்கச் சொன்னேன். எடுத்துட்டாங்க. நீ இன்னாம்மா சொல்ற?"

"ஏன் எடுத்தீங்க? முள்ளுல படாத ஆடு எந்த ஊர்ல இருக்குது? சுத்தமா ஒண்ணுமே இல்லன்னா, தோலே இல்ல, ரெக்சினுன்னு நெனச்சுப்பாங்க."

டேனரி முதலாளி தலையாட்டினார். "சரி, வெச்சிடுங்க."

அன்று மதியமே நான் வலது காலைப் புரட்டிப் போட்டேன். புரோகிராமர் அந்தச் சதுரங்களை மாற்றி ஏற்றினான். அது முடியும்வரை அவன் அம்மா போகவில்லை. பின்னால் நின்று, ஒவ்வொரு சதுரமாக வந்து நிறைவதைப் பார்த்துவிட்டு, "ம், இப்போ நடக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த இரண்டு மாதம் சனிக்கிழமைகளில் அவர் வந்து, மற்ற ஐந்து தோல்களிலும் துண்டு அடுக்கிக் கொடுத்தார். அதற்கு டேனரி முதலாளி தனியாக அவருக்குச் சம்பளம் கொடுத்தார். அந்த வெப்சைட் மூன்று நான்கு வருடம் இருந்தது. பிறகு அந்தக் கம்பெனிக்கு ஒரு புது மேனேஜர் வந்தார், வேறு யாரிடமோ கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். புரோகிராமர் பெங்களூருக்குப் போய்விட்டான். நான் அதே மாடியில் இன்னும் ஆறு வருடம் இருந்தேன். புதிதாக ஒரு வேலை வந்தால், கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் அவர்களுடைய ஷெட்டுக்குப் போய் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வருவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அதை முதலாளி கிரியேட்டிவ் என்று சொல்லவில்லை. "மேடம் ஃபீல்டுக்குப் போய்ட்டாங்க" என்று போனில் சொல்வார்.

புரோகிராமரின் தங்கை கல்யாணத்துக்கு மாதனூருக்குப் போயிருந்தேன். கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது, சமையலறைச் சுவர் அலமாரியைப் பார்த்தேன். அந்த முதல் பக்கத்தைப் பெரிய தாளில் கலர் பிரிண்ட் எடுத்து மகன் கொடுத்திருந்தான்போல. அதை அலமாரித் தட்டில் விரித்து, மேலே எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார் அவன் அம்மா. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "நல்ல கெட்டித் தாளு பாப்பா, எண்ணெ பட்டாகூட ஊறல" என்றார். பிறகு என்னைப் பந்தியில் உட்காரவைத்து, பாயசம் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.